நாட்டை எப்படி எழுதுவது? தந்தை செல்வாவின் வாழ்வை மீண்டும் படித்தபோது

நான் 1982 இல் கிளிநொச்சியில் பிறந்தேன். என் பிறப்புச் சான்றிதழில் மாவட்டம் என்ற இடத்தில் யாழ்ப்பாணம் என்று எழுதப்பட்டிருக்கிறது. தம்பி 1985 இல் பிறந்தான். அதே வைத்தியசாலை, அதே வீடு, அதே கிணற்றுத் தண்ணீர். ஆனால் அவனுடைய சான்றிதழில் மாவட்டம் கிளிநொச்சி. இடையில் நாங்கள் எங்கும் குடிபெயரவில்லை. சின்ன வயதில் இதை வைத்து நான் அவனைச் சீண்டுவேன். நான் யாழ்ப்பாணத்தான், நீ வன்னியான் என்று சொல்லி அவனை அழவைத்து, அம்மாவிடம் அடியும் வாங்கியிருக்கிறேன்.

2009 இல் எல்லாவற்றையும் விட்டு நடந்தபோதும் இந்த இரண்டு சான்றிதழ்களையும் அம்மா பொலித்தீன் பையில் சுற்றி இடுப்பில் கட்டியிருந்தார். என்னுடையதும் தம்பியுடையதும் மாத்தளனைத் தாண்டி வந்து சேர்ந்தன. தம்பி வந்து சேரவில்லை.

இப்போது நான் வரலாறு கற்பிக்கும் ஆசிரியர். சென்ற தவணையில் பதினோராம் தரத்துக்கு அரசியலமைப்பு மாற்றங்கள் பற்றிய பாடம் நடந்தது. இலங்கைக் குடியரசின் ஆள்புலம் எது என்பதை 1978 ஆம் ஆண்டு அரசியலமைப்பின் ஐந்தாம் உறுப்புரை சொல்கிறது. இருபத்தைந்து நிர்வாக மாவட்டங்களும் கடற்பரப்புமே நாடு. மாவட்டங்களின் பெயர்கள் முதலாம் அட்டவணையில் இருக்கின்றன. கரும்பலகையில் இதை எழுதிவிட்டுத் திரும்பியபோது ஒரு மாணவி எழுந்து நின்றாள். அப்படியென்றால் வட மாகாணம் எங்கே சேர், அது நாட்டின் பகுதி இல்லையா என்று கேட்டாள்.

மாகாணங்கள் எட்டாம் அட்டவணையில் வருகின்றன, 1987 இல் பதின்மூன்றாம் திருத்தத்தோடு சேர்க்கப்பட்டவை என்று பதில் சொன்னேன். பதில் சரிதான். ஆனால் அவள் கேட்டது அட்டவணை எண்ணை அல்ல. ஒரு நாடு எவற்றால் ஆனது என்று எழுதும்போது அந்த மண்ணில் வாழும் மக்களுக்கு அதில் இடம் உண்டா என்பதையே அவள் கேட்டிருக்கிறாள். அந்தக் கேள்வியோடு ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் மல்லுக்கட்டிய ஒருவரை எங்கள் எல்லோருக்கும் தெரியும். அவருடைய பெயரைச் சிலையிலும் தூபியிலும் பார்க்கிறோம். அவர் கேட்டது என்னவென்று வகுப்பில் கேட்டால், நாடு கேட்டார் என்று பாதிப் பிள்ளைகள் சொல்லுகிறார்கள். அவர் வாழ்நாளில் மிகப் பெரும் பகுதியைச் செலவிட்டது அதற்காக அல்ல. ஆகவே அன்றிரவு அவருடைய வாழ்க்கையை முதலிலிருந்து படிக்கத் தொடங்கினேன்.

ஈப்போவிலிருந்து தெல்லிப்பழைக்கு

சாமுவேல் ஜேம்ஸ் வேலுப்பிள்ளை செல்வநாயகம் 1898 மார்ச் 31 இல் மலாயாவின் ஈப்போவில் பிறந்தார். யாழ்ப்பாணத்தார் பலர் பிழைப்புக்காக மலாயாவுக்குக் கப்பலேறிய காலம் அது. அவருக்கு நாலு வயதாக இருக்கும்போது தாயார் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தெல்லிப்பழைக்குத் திரும்பினார். தந்தை அங்கேயே தங்கிவிட்டார். வெளிநாட்டில் தகப்பன், ஊரில் தாயும் பிள்ளைகளும் என்ற குடும்ப அமைப்பு இன்றைக்கு எங்களுக்குப் புதிதல்ல. நூறு ஆண்டுகளுக்கு முன்னரும் அது புதிதல்ல.

தெல்லிப்பழை யூனியன் கல்லூரி, யாழ்ப்பாணம் பரி யோவான் கல்லூரி, கொழும்பு புனித தோமையார் கல்லூரி என்று அவர் படிப்பு நடந்தது. பின்னாளில் அவரோடு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்காவும் தோமையார் கல்லூரியின் மாணவர்தான். லண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரி மாணவராக விஞ்ஞானப் பட்டம் பெற்று, சில காலம் ஆசிரியராக இருந்தார். பிறகு சட்டம் படித்து அட்வகேட் ஆனார். கொழும்பில் குடியியல் வழக்குகளில் பெயரெடுத்த சட்டத்தரணி அவர். காணி, உறுதி, நம்பிக்கைப் பொறுப்பு என்று ஆவணங்களை வரிவரியாகப் படிப்பதே அவரது தொழில். ஓர் உறுதியில் எல்லைகள் எப்படி எழுதப்பட்டிருக்கின்றன என்பதில்தான் வழக்கின் வெற்றி தோல்வி இருக்கும். அவருடைய அரசியலுக்குள்ளும் இந்தக் காணிச் சட்டத்தரணி கடைசிவரை இருந்தார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

1927 இல் தெல்லிப்பழை மணியகாரரின் மகளைத் திருமணம் செய்தார். நான்கு ஆண் பிள்ளைகள், ஒரு மகள். அவர் கிறிஸ்தவர். அவரைத் திரும்பத் திரும்பப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய காங்கேசன்துறைத் தொகுதியோ பெரும்பான்மையும் சைவர்கள் வாழ்ந்த தொகுதி.

என் அம்மப்பா அந்தத் தொகுதிக்காரர். செல்வநாயகம் மேடையில் முழங்குபவர் அல்ல என்று அவர் சொல்வார். மெல்லிய குரல். பிற்காலத்தில் பார்க்கின்சன் நோயால் கை நடுங்கும், குரலும் தேய்ந்துவிட்டது. ஒலிவாங்கியை வாய்க்குக் கிட்டப் பிடித்தால்தான் கேட்கும். அதனால் கூட்டத்தில் யாரும் கதைக்கமாட்டார்களாம். குழந்தை அழுதால்கூடத் தாய் எழுந்து வெளியே போய்விடுவாளாம்.

ஐம்பதுக்கு ஐம்பதும் சமஷ்டியும்

அவர் அரசியலுக்கு வந்தபோது தமிழரின் கோரிக்கை நிலம் பற்றியதாக இருக்கவில்லை. ஜி.ஜி. பொன்னம்பலம் சோல்பரி ஆணைக்குழுவின் முன் வைத்தது ஐம்பதுக்கு ஐம்பது. சிங்களவருக்குப் பாதி, ஏனைய இனங்கள் எல்லோருக்கும் சேர்த்துப் பாதி என்று சபையிலே ஆசனங்களைப் பங்கிடும் கோரிக்கை அது. தமிழ்க் காங்கிரசில் இருந்த செல்வநாயகமும் அதையே ஆதரித்தார். ஆணைக்குழு அதை ஏற்கவில்லை. 1947 தேர்தலில் அவர் காங்கிரஸ் வேட்பாளராகக் காங்கேசன்துறையில் வென்றார். 1948 பெப்ரவரியில் சுதந்திரம் வந்தது.

அதே ஆண்டு பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. மலையகத் தமிழர்களில் மிகப் பெரும்பாலானோர் ஒரே சட்டத்தால் நாடற்றவர்கள் ஆனார்கள். 1947 தேர்தலில் மலையகத்திலிருந்து ஏழு பேர் பாராளுமன்றத்துக்கு வந்திருந்தார்கள். 1952 தேர்தலில் ஒருவரும் இல்லை. பொன்னம்பலம் அரசாங்கத்தில் அமைச்சராகச் சேர்ந்தார். செல்வநாயகமும் கு. வன்னியசிங்கமும் இ.மு.வி. நாகநாதனும் பிரிந்தார்கள். 1949 டிசெம்பர் 18 இல் கொழும்பு மருதானையில் இலங்கைத் தமிழரசுக் கட்சி தொடங்கப்பட்டது.

இந்தப் பிரிவை இரண்டு தலைவர்களின் சண்டை என்றே நான் நீண்ட காலம் படித்தேன், படிப்பித்தேன். அதற்குள் ஒரு பாடம் இருந்தது. சபையில் எத்தனை ஆசனம் இருந்தாலும், அந்தச் சபையின் பெரும்பான்மை ஒரு மக்கள் கூட்டத்தையே வாக்காளர் பட்டியலிலிருந்து அழிக்க முடியும். தலையெண்ணிக்கையில் பங்கு கேட்டால், தலைகளை எண்ணுபவரே கணக்கை மாற்றிவிடுவார். மண்ணுக்கு அரசியலமைப்பிலே ஓர் இடம் இருந்தால் அப்படி அழிப்பது கடினம். செல்வநாயகம் சமஷ்டிக்கு வந்த பாதை இதுதான். நாட்டைப் பிரிக்காமல், அதை அலகுகளால் ஆனதாக எழுதவேண்டும், அந்த அலகுகளில் தமிழ் பேசும் மக்களுடையதும் இருக்கவேண்டும் என்பதே அவர் கேட்டது.

இது இந்த மண்ணுக்கு அந்நியமான யோசனையும் அல்ல. 1833 வரை கண்டியையும் கரையோரத்தையும் ஆங்கிலேயர் தனித்தனியாகவே நிர்வகித்தார்கள். கோல்புறூக், கமரன் ஆகியோரின் பரிந்துரையின் பின்னரே ஒரே நிர்வாகமும் ஐந்து மாகாணங்களும் வந்தன. அந்த ஐந்து பிறகு ஒன்பதாயின. கோடுகளைக் கொழும்பிலிருந்து போட்டவர்கள் வரி அறவிடவும் தெருப் போடவும் வசதியாகப் போட்டார்கள். அந்தக் கோட்டுக்குள் இருந்தவர்களிடம் யாரும் கேட்கவில்லை. செல்வநாயகத்தின் இளமைக்காலத்தில், 1926 இல், யாழ்ப்பாணத்துக்கு வந்து இலங்கைக்குச் சமஷ்டியே பொருத்தம் என்று வாதிட்டவர் பண்டாரநாயக்காதான். அப்போது தமிழ்த் தலைவர்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மக்களும் உடனே எடுத்துக்கொள்ளவில்லை. 1952 தேர்தலில் செல்வநாயகம் காங்கேசன்துறையிலேயே ஐக்கிய தேசியக் கட்சியின் சு. நடேசனிடம் தோற்றார். கட்சிக்குக் கிடைத்தவை இரண்டு ஆசனங்கள். அம்மப்பாவும் அந்த முறை நடேசனுக்கே வாக்களித்ததாக ஒருநாள் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார்.

கிழித்தெறியப்பட்ட காகிதங்கள்

1956 எல்லாவற்றையும் மாற்றியது. தனிச் சிங்களச் சட்டம் வந்தது. ஜூன் 5 இல் காலிமுகத்திடலில் சத்தியாக்கிரகம் இருந்தவர்கள் தாக்கப்பட்டார்கள். கல்லோயாவில் உயிர்கள் போயின. ஆகஸ்ட் மாதம் திருகோணமலை மாநாட்டில் கட்சி நான்கு கோரிக்கைகளை வைத்தது. சமஷ்டி அரசியலமைப்பு, தமிழுக்குச் சம அந்தஸ்து, மலையகத் தமிழருக்குக் குடியுரிமை, தமிழ்ப் பிரதேசங்களில் அரச குடியேற்றங்களை நிறுத்துதல் என்பன அவை. அவற்றில் இரண்டு நேரடியாக நிலம் பற்றியவை. எல்லையை யார் கீறுகிறார், எல்லைக்குள் யாரைக் குடியேற்றுகிறார் என்ற இரண்டும் ஒரே கேள்வியின் இரண்டு பக்கங்கள் என்பதைக் காணிச் சட்டத்தரணி அறிந்திருந்தார்.

1957 ஜூலை 26 இல் பண்டா - செல்வா ஒப்பந்தம் கைச்சாத்தானது. அதைச் சமஷ்டி என்று சொல்ல முடியாது. பிரதேச சபைகள். வட மாகாணம் ஒரு பிரதேசம், கிழக்கு இரண்டாகவோ கூடுதலாகவோ பிரியும். பிரதேசங்கள் மாகாண எல்லையைத் தாண்டியும் ஒன்றுசேரலாம். காணி, குடியேற்றம், விவசாயம், கல்வி, சுகாதாரம், மீன்பிடி முதலியவை சபைகளுக்கு. குடியேற்றத் திட்டங்களில் காணி பெறுபவர்களைத் தெரிவுசெய்வதும் சபைகளின் பொறுப்பு. 1833 இல் கீறிய கோட்டைத் தாண்டி, அங்கு வாழும் மக்களே தம் அலகைத் தீர்மானிக்கலாம் என்ற வழியை முதன்முறையாக ஓர் இலங்கைப் பிரதமர் ஒப்புக்கொண்டிருந்தார்.

எதிர்க்கட்சியில் இருந்த ஜே.ஆர். ஜயவர்த்தனா கண்டிக்கு யாத்திரை புறப்பட்டார். 1958 ஏப்ரல் 9 இல் பிக்குகள் பிரதமரின் வீட்டு வாசலில் உட்கார்ந்தார்கள். அன்றே ஒப்பந்தம் கைவிடப்பட்டது. அடுத்த மாதம் நாடெங்கும் இனக்கலவரம். செல்வநாயகம் வீட்டுக் காவலில் வைக்கப்பட்டார். அடுத்த ஆண்டு பண்டாரநாயக்கா ஒரு பிக்குவின் துப்பாக்கிக்குப் பலியானார்.

1961 இல் கச்சேரிகளின் முன் சத்தியாக்கிரகம். யாழ்ப்பாணத்தில் வாசலில் படுத்தவர்களுள் அறுபத்து மூன்று வயதை எட்டிக்கொண்டிருந்த செல்வநாயகமும் ஒருவர். கட்சி தன்னுடைய தபால் சேவையையே ஆரம்பித்தது. அவசரகாலச் சட்டம் வந்தது, தலைவர்கள் பனாகொடை முகாமில் மாதக்கணக்கில் அடைக்கப்பட்டார்கள். 1965 மார்ச் 24 இல் டட்லி சேனநாயக்காவோடு இன்னோர் ஒப்பந்தம். இம்முறை அலகு பிரதேசத்திலிருந்து மாவட்டத்துக்குச் சுருங்கியிருந்தது. மாவட்ட சபைகளும், வடக்கு கிழக்குக் காணிகளில் அந்தந்த மாவட்டத்துக் காணியற்றோருக்கு முன்னுரிமையும் அதில் இருந்தன. 1968 இல் அதுவும் கைவிடப்பட்டது. கட்சி அரசாங்கத்தை விட்டு வெளியேறியது.

அந்த 1968 இல்தான் அவருடைய தொகுதிக்குள்ளேயே மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் ஆலயப் பிரவேசப் போராட்டம் நடந்தது. ஒடுக்கப்பட்ட சாதியினர் கோயிலுக்குள் போகும் உரிமைக்காக அடிபட்டார்கள். செல்வநாயகம் சாதிக் கொடுமையை ஏற்றவர் அல்லர். ஆயினும் அந்த வாசலில் அவரும் கட்சியும் இன்னும் உறுதியாக நின்றிருக்க வேண்டும் என்ற விமர்சனம் அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. அந்த விமர்சனத்தை நான் சரியென்றே எண்ணுகிறேன். அரசியலமைப்பில் எல்லைகளைத் திருத்தக் கேட்பவர்கள், ஊருக்குள் கீறி வைத்திருக்கும் எல்லைகளுக்கும் பதில் சொல்லத்தான் வேண்டும்.

ஐந்து அரசுகளின் வரைபடம்

என் மாணவியின் கேள்விக்கு மிக நெருக்கமான பதில் 1970 க்கும் 1972 க்கும் இடையில் கிடக்கிறது. பாடநூல்கள் இதை ஓரிரு வரியில் தாண்டிவிடுகின்றன.

1970 இல் ஐக்கிய முன்னணி மூன்றில் இரண்டுக்கு மேற்பட்ட பெரும்பான்மையோடு வந்தது. புதிய குடியரசு அரசியலமைப்பை எழுத நவரங்கஹலவில் அரசியல் நிர்ணய சபை கூடியது. தமிழரசுக் கட்சியும் பங்குபற்றியது. வெறுங்கையோடு போகாமல், முழுமையான மாதிரி அரசியலமைப்பு ஒன்றைக் கொண்டுபோனது. அதிலே இலங்கை ஐந்து அரசுகளால் ஆன ஒரு சமஷ்டிக் குடியரசு. தென் மாகாணமும் மேல் மாகாணமும் சேர்ந்து ஒன்று. வட மத்தியும் வட மேலும் சேர்ந்து இன்னொன்று. மத்தி, ஊவா, சப்ரகமுவ மூன்றும் ஒன்று. வட மாகாணத்தோடு திருகோணமலை, மட்டக்களப்பு மாவட்டங்கள் ஒன்று. முஸ்லிம்கள், சிங்களவர், தமிழர் மூவரும் வாழும் அம்பாறை தனியாக ஒன்று. கொழும்பும் சுற்றுப்புறமும் மத்தியின் கீழ்.

இதைப் படித்தபோது நான் கொஞ்ச நேரம் புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். இந்த வரைபடத்தில் தமிழருக்கு மட்டும் ஓர் அரசு கேட்கப்படவில்லை. ஐந்தில் மூன்று சிங்கள மக்கள் பெரும்பான்மையாக வாழும் அரசுகள். தெற்கின் கரையோரத்துக்கும் கண்டிப் பக்கத்துக்கும்கூட அதிகாரம் பகிரப்பட்டிருக்கும். அந்த வரைபடம் எல்லோருக்கும் சரியாக இருந்திருக்குமா என்பது வேறு கேள்வி. மலையகத் தமிழரை அது எங்கே வைத்தது, கிழக்கின் முஸ்லிம்கள் அதை எப்படிப் பார்த்திருப்பார்கள் என்று விவாதிக்க நிறைய உண்டு. ஆனால் விவாதிக்கத்தான் எவரும் விடவில்லை. இலங்கை ஓர் ஒற்றையாட்சி அரசு என்ற அடிப்படைத் தீர்மானத்துக்குத் தமிழரசுக் கட்சியின் சார்பில் வி. தர்மலிங்கம் கொண்டுவந்த திருத்தம் 1971 மார்ச்சில் தோற்கடிக்கப்பட்டது. மொழி பற்றிய தீர்மானத்திலும் எதுவும் மாறாதபோது, ஜூன் மாத இறுதியில் கட்சி சபையை விட்டு வெளியேறியது.

1972 மே 22 இல் புதிய அரசியலமைப்பு வந்தது. சோல்பரி அரசியலமைப்பும் நடைமுறையில் ஒற்றையாட்சிதான். ஆனால் அந்தச் சொல் அதில் இல்லை. 1972 இல் அது முதன்முறையாக எழுத்தில் ஏறியது, அதுவும் இரண்டாம் பிரிவிலேயே. சிறுபான்மையினருக்குக் காப்பாக இருந்த சோல்பரியின் 29 ஆம் பிரிவு காணாமற் போனது. ஒரு சொல் உள்ளே வந்தது, ஒரு பிரிவு வெளியே போனது.

செல்வநாயகத்துக்கு அப்போது எழுபத்து நான்கு வயது. 1972 ஒக்டோபரில் அவர் தன் ஆசனத்தைத் துறந்தார். இந்த அரசியலமைப்பைத் தமிழ் மக்கள் ஏற்கிறார்களா என்பதைக் காங்கேசன்துறை வாக்காளரே சொல்லட்டும் என்பது அவரது சவால். இடைத்தேர்தலை நடத்த அரசாங்கம் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் எடுத்தது. 1975 பெப்ரவரி 6 இல் வாக்களிப்பு. அரசாங்கத் தரப்பில் கம்யூனிஸ்ட் கட்சியின் வி. பொன்னம்பலம். செல்வநாயகத்துக்கு 25,927 வாக்குகள், எதிராளிக்கு 9,457. அரசியலமைப்பின் ஒரு பிரிவு பற்றி இந்த நாட்டில் மக்களிடம் நேரே கேட்கப்பட்ட முதல் கேள்வி அதுவென்றே நான் கருதுகிறேன். கேட்டது அரசு அல்ல, நடுங்கும் கையோடிருந்த ஒரு கிழவர். அம்மப்பா இம்முறை அவருக்கு வாக்களித்தார். சைக்கிளில் இரண்டு பேரை ஏற்றிக்கொண்டுபோய் வாக்களித்ததைச் சாகும்வரை சொன்னார்.

பதில் வந்ததும் கேள்வி மாறிவிட்டது. 1976 மே 14 இல் வட்டுக்கோட்டையில் தமிழர் விடுதலைக் கூட்டணி தனிநாட்டுத் தீர்மானத்தை நிறைவேற்றியது. தலைமை வகித்தவர் செல்வநாயகம். கூட்டணித் தலைவர்களில் ஒருவரான மலையகத்தின் சௌ. தொண்டமான் அந்தத் தீர்மானத்திலிருந்து விலகி நின்றார், அவருடைய மக்கள் வாழ்ந்த மண் வேறு. இருபத்தேழு ஆண்டுகள் ஒரு நாட்டுக்குள் அலகு கேட்டவர், வாழ்வின் கடைசி ஆண்டில் ஏன் அந்த மேடையில் இருந்தார் என்பதற்கு ஆளுக்கொரு பதில் சொல்லலாம். வந்த பாதையைப் படித்தவர்களுக்கு அது திடீர் முடிவாகத் தெரியாது.

அதே ஆண்டு கூட்டணித் தலைவர்கள் மீது கொழும்பில் ட்ரயல் அட் பார் வழக்கு நடந்தது. 1972 அரசியலமைப்பே செல்லுமா என்று நீதிமன்றத்தில் வாதிடப்பட்டது. 1948 இல் பிரிந்த பொன்னம்பலமும் செல்வநாயகமும் எதிரிகளுக்காக ஒரே பக்கத்தில் தோன்றினார்கள். இருவருமே 1977 இல் காலமானார்கள். பொன்னம்பலம் பெப்ரவரியில், செல்வநாயகம் ஏப்ரல் 26 இல். அடுத்த அரசியலமைப்பை அவர்கள் பார்க்கவில்லை. அதைக் கொண்டுவந்தவர் இருபது ஆண்டுகளுக்கு முன் கண்டிக்கு யாத்திரை புறப்பட்டவர்.

இரண்டாம் உறுப்புரையும் ஐந்தாம் உறுப்புரையும்

1978 அரசியலமைப்பில் ஒற்றையாட்சி இரண்டாம் உறுப்புரையில் இருக்கிறது. அதை மாற்றுவதற்குப் பாராளுமன்றத்தில் மூன்றில் இரண்டு பெரும்பான்மை போதாது, நாடு முழுவதும் சர்வசன வாக்கெடுப்பும் வேண்டும். மாவட்டங்களைப் பட்டியலிடும் ஐந்தாம் உறுப்புரைக்கு அந்தப் பூட்டு இல்லை. 1983 ஒக்டோபரில், ஆடிக் கலவரத்தின் புகை அடங்கும் முன்னரே, ஏழாம் திருத்தம் வந்தது. இருபத்துநான்கு இருபத்தைந்து ஆனது. யாழ்ப்பாணத்திலிருந்து கிளிநொச்சி பிரிந்தது. இனிமேல் பாராளுமன்றம் ஒரு தீர்மானத்தின் மூலமே மாவட்டங்களைப் பிரிக்கலாம், சேர்க்கலாம் என்றும் அதே உறுப்புரையில் எழுதப்பட்டது. தம்பியின் சான்றிதழில் ஊர் மாறியதன் கதை இதுதான். எங்களை எவரும் கேட்கவில்லை. தனி மாவட்டமானதால் கிளிநொச்சிக்கு ஒரு கச்சேரியும் சில நன்மைகளும் கிடைத்தன என்பதையும் மறுக்கமாட்டேன்.

ஆக, எங்கள் மண்ணின் பெயரும் எல்லையும் ஒரு தீர்மானத்தால் மாறக்கூடியவை. அந்த மண்ணுக்கு அதிகாரம் உண்டா என்பதை முடிவுசெய்யும் ஒரு சொல்லை மட்டும் தொடமுடியாது. இந்திய அரசியலமைப்பின் முதலாம் உறுப்புரை அந்த நாட்டை மாநிலங்களின் ஒன்றியம் என்கிறது. அங்கேயும் மாநில எல்லைகளை மத்தியப் பாராளுமன்றம் சாதாரண பெரும்பான்மையால் மாற்றலாம், மாற்றியும் இருக்கிறது. ஆனாலும் மாநிலங்கள் நாட்டின் வரைவிலக்கணத்துக்குள்ளேயே இருக்கின்றன. இங்கே வரைவிலக்கணத்துக்குள் இருப்பது மாவட்டம், அதாவது ஒரு கச்சேரியின் நிர்வாக எல்லை. மாகாணங்கள் ஒன்பது ஆண்டுகள் கழித்துப் பின்வாசலால் வந்தவை. 1988 இல் இணைக்கப்பட்ட வடக்கும் கிழக்கும் 2006 இல் உயர் நீதிமன்றத் தீர்ப்போடு பிரிந்தன.

செல்வநாயகம் இறந்து நாற்பது ஆண்டுகளுக்குப் பின், 2017 ஆகஸ்டில், அவர் தொடங்கிய கட்சி அதே உயர் நீதிமன்றத்தின் முன் நின்றது. அதன் பெயரிலுள்ள தமிழரசு என்ற சொல்லும், யாப்பில் சமஷ்டிக்குப் பதிலாக வந்த இணைப்பாட்சி என்ற சொல்லும் தனிநாட்டையே குறிக்கின்றன என்பது வழக்கு. ஒரு நாட்டுக்குள் சமஷ்டி கேட்பது பிரிவினை ஆகாது என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1949 இல் மருதானையில் சொல்லப்பட்டதைச் சட்டம் ஒப்புக்கொள்ள அறுபத்தெட்டு ஆண்டுகள் ஆயின. இடையில் எத்தனை பேர் போனார்கள் என்பது இதை வாசிக்கும் ஒவ்வொரு வீட்டுக்கும் தெரியும்.

1990 இல் அவருடைய தெல்லிப்பழை வெறுமையானது. அம்மப்பா காணி உறுதியைக் கையில் பிடித்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். அந்த உறுதியில் வடக்கே ஒழுங்கை, கிழக்கே இன்னாரின் காணி என்று நான்கு எல்லையும் துல்லியமாக இருந்தன. அவற்றைப் பார்க்காமலேயே வன்னியில் கண்மூடினார்.

அடுத்த வகுப்பில் நான் மாணவர்களுக்கு இலங்கையின் வெறும் புறவரைபடத்தைக் கொடுத்தேன். 1971 இன் ஐந்து அரசுகளையும் அதில் கீறச் சொன்னேன். பிறகு, அது பிடிக்காவிட்டால் தங்களுக்குச் சரியென்று படும் எல்லைகளை வேறு நிறத்தில் கீறச் சொன்னேன். அம்பாறையில் எல்லோரும் தடுமாறினார்கள். ஒருவன் மலையகத்தைத் தனியாக வட்டமிட்டான். கேள்வி கேட்ட மாணவி நெடுநேரம் பென்சிலை வைத்துக்கொண்டிருந்துவிட்டு, அங்கே இருக்கிற ஆக்களைக் கேட்காமல் எப்படிக் கீறுவது சேர் என்றாள்.

வீட்டுக்கு வந்து பொலித்தீன் பையை எடுத்தேன். இரண்டு சான்றிதழ்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். மாவட்டம் வேறு. பிறந்த இடம் என்ற வரியில் இரண்டிலும் ஒரே ஊர்.